மீன்தொட்டியை நகர்த்தியது யார்?

ஹாங்காங், ஷெங் வான்
8 அக்டோபர் 1974

தங்கை யூட்-லின்னுக்கு,

நான்கு வருஷமாக நான் உனக்கு எழுதவில்லை, நீயும் எனக்கு எழுதவில்லை. அப்பாவின் சமாதியில் படையலை வைத்துவிட்டு, அத்தனை சொந்தக்காரர்கள் முன்னால், "திசைத்தட்டு வெச்சிருக்கவன்லாம் மாஸ்டர் ஆயிட மாட்டான்" என்று நீ சொன்னதை நான் மறந்துவிட்டேன். மறந்துவிட்டேன் என்று உனக்குத் தெரிய வேண்டும், அதனால்தான் முதலில் அதை எழுதுகிறேன்.

லோ பாக்-கேய் போய்விட்டார். கொலை. 'உன் லோ' என்று எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் மனைவி செத்த வியாபாரி ஒருவரோடு என் தங்கை இருபது வருஷம் கல்யாணம் காட்சி இல்லாமல் கிடந்ததை ஷெங் வான் உலர்மீன் கடைகள் எல்லாம் அறியும். செய்தியை நீ அங்கே மக்காவ் பத்திரிகையில் பார்ப்பதைவிட நான் சொல்வது முறை.

போன வியாழன் இரவு தன் வீட்டுக் கூடத்தில், நாற்காலியில் உட்கார்ந்தபடியே மண்டையில் அடிபட்டுச் செத்திருக்கிறார். அடித்த பொருள் ஒரு கல் ஆமை. முதுகுக்குப் பின்னால் ஆமை இருந்தால் ஆயுள் கூடும் என்று நான்தான் அதைத் தேர்ந்து, அடியில் என் முத்திரையும் பதித்துக் கொடுத்தேன். அதனால் போலீஸ் நேராக என் கடைக்கு வந்துவிட்டது. சியூ என்றொரு சின்ன வயது இன்ஸ்பெக்டர். "மாஸ்டர், ஆயுசு கூட்டற ஆமைன்னு சொல்லித்தானே குடுத்தீங்க?" என்றான். ஆமாம் என்றேன். "எந்தப் பக்கமா பிடிச்சா கூட்டும்?" என்று கேட்டுவிட்டு அவனே சிரித்துக்கொண்டான். தெருவே பார்த்தது.

என் பெயர் கெட்டுவிட்டது, யூட்-லின். நான் ஃபெங் சுயி வாஸ்து பார்த்துக் கொடுத்த வீட்டில், நான் கொடுத்த ஆமையால், நான் நாள் குறித்த கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை செத்திருக்கிறார். ஆகவே கொலைகாரனை நானே கண்டுபிடிப்பது என்று முடிவு செய்துவிட்டேன். தூரத்திலிருந்தே கணித்துப் பார்த்தேன். புலி வருஷத்தில் பிறந்த ஆண், மேற்கிலிருந்து வந்தவன், உயரமானவன். இன்ஸ்பெக்டர் பிடித்து வைத்திருப்பதோ குள்ளமான சமையல்காரன் ஃபுக்கை. காலையில் பிணத்தை முதலில் பார்த்தவன் அவன்தான். செருப்பு ஈரம், அதோடு முந்தின நாள் லோ அவன் மேல் சூடான சூப்பைக் கொட்டியிருக்கிறார். போலீஸுக்கு இது போதும்.

கருமத்தில் செத்தவருக்குப் போய்ச் சேர எரிக்க ஒரு காகித வீடு வேண்டும் என்று லோவின் மகன் கேட்கிறான். நீ வேலை செய்யும் கடையில் நன்றாகச் செய்கிறார்கள் என்று கேள்வி. உன் பெயர் வராமல் அனுப்பு. நீ இந்தப் பக்கம் வராதே.

அண்ணன்
யிப் சுங்-லாம்


மக்காவ்
11 அக்டோபர்

அண்ணனுக்கு,

மறந்துவிட்டதை வார்த்தை பிசகாமல் எழுதிக் காட்டும் திறமை நம் குடும்பத்தில் உனக்கு மட்டும்தான் உண்டு.

அழுதாயா என்று நீ கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன், அழவில்லை.

ஃபுக் அண்ணனைப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்பதை நீ உன் முத்திரைக்குப் பிறகு, நீ குறித்த கல்யாண நாளுக்குப் பிறகு, ஆறேழு வரி தள்ளி எழுதியிருக்கிறாய். அந்த மனுஷனுக்கு உயிர் மீனை அறுக்கவே மனம் வராது. முகத்தைத் திருப்பிக்கொண்டு, "கோச்சுக்காதே தாயி" என்று மீனிடம் சொல்லிவிட்டுத்தான் கத்தியை வைப்பார். லோ வீட்டில் விருந்தாளிகள் வந்தால் நான் அடுக்களையிலேயே இருக்க வேண்டும். அப்போதெல்லாம் எனக்குக் கஞ்சி ஊற்றி, இஞ்சி நறுக்கிப் போட்டு, எதிரே உட்கார்ந்து சாப்பிட வைத்தவர் அவர். அவர் தூக்குக்குப் போனால் நான் உயிரோடு இருந்து பிரயோஜனம் இல்லை. உன் புலி வருஷத்து உயரக்காரனை அப்புறம் தேடு. முதலில் அவரை வெளியே கொண்டு வா.

உன் பெயர் கெட்டுவிட்டதாக அழுகிறாய். முப்பத்தொரு வயது மிஸ் தாமுக்கும் அவருக்கும் நாள் குறித்தது நீ. கட்டிலுக்கு இடம் பார்த்தது நீ. மாட்டு வருஷத்தில் பிறந்த பெண்ணை இனி வீட்டுக்குள் விடாதீர்கள், ஆட்டு வருஷத்து மணப்பெண்ணோடு மோதும் என்று அவரிடம் சொன்னதும் நீதான். அந்த வீட்டுக்குப் போய்வந்த மாட்டு வருஷத்துக்காரி ஒருத்திதான். அவளோடு ஒரே பாயில் படுத்து வளர்ந்தவன் நீ.

காகித வீடு செய்து அனுப்புகிறேன். கட்டில், விசிறி, கார், வேலைக்காரர்கள் எல்லாம் இருக்கும். வாசல் மட்டும் ஒன்றுதான் வைப்பேன். செத்த பிறகாவது அவர் வீட்டுக்கு எல்லோரும் ஒரே வாசலில் வரட்டும்.

யூட்-லின்


ஷெங் வான்
15 அக்டோபர்

யூட்-லின்னுக்கு,

உன் கடிதத்தின் தொனிக்குப் பதில் சொல்லப் போவதில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

சியூ இன்ஸ்பெக்டர் லண்டனில் படித்தவன். ஃபெங் சுயி என்றாலே சிரிக்கிறான். சிரித்து முடித்ததும் எழுந்து போய்க் கதவைச் சாத்தினான். "மாஸ்டர், என் மேசை கக்கூஸ் சுவத்தை ஒட்டி இருக்கு. அதனாலதான் புரமோஷன் தள்ளிப்போகுதோ?" என்றான். மேசையைத் திருப்பிப் போட்டுக் கொடுத்தேன். அந்த நன்றிக்கு என்னை லோ வீட்டைப் பார்க்க அழைத்துப் போனான்.

முன்வாசல் வழியாகப் போனோம். நான் எப்போது போனாலும் அந்த வாசல்தான். லோவே வந்து பித்தளைக் குமிழைத் திருகி, "மாஸ்டர் வரணும், வரணும்" என்று கையைப் பிடித்துக் கூட்டிப் போவார்.

கூடத்தில் நுழைந்ததும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. தெற்கு மூலையில் நான் வைத்த பீங்கான் மீன்தொட்டியைக் காணோம். அந்த இடத்தில் வட்டமாக ஒரு தழும்புதான் இருந்தது. தொட்டி கிழக்கு ஜன்னலடியில் உட்கார்ந்திருக்கிறது. வழியெல்லாம் தண்ணீர் சிந்திக் காய்ந்த கோடு. "தள்ளுமுள்ளுல தள்ளியிருக்கான். அந்தத் தண்ணியிலதான் சமையல்காரன் செருப்பு நனைஞ்சிருக்கு" என்றான் சியூ.

தள்ளுமுள்ளாவது! தள்ளுமுள்ளில் தொட்டி உடையும். எட்டுச் சிவப்பு மீனும் ஒரு கறுப்பு மீனும் சௌக்கியமாக நீந்துகின்றன. தொட்டி ஆடாமலிருக்க அடியில் துணியை மடித்து வைத்திருக்கிறார்கள். ரத்தத்தின் மேல் தண்ணீர் கோடு போயிருப்பதைச் சியூவிடமே காட்டினேன். அப்படியானால் கொன்ற பிறகு ஒருவர் நிதானமாகத் தொட்டியில் பாதித் தண்ணீரை இறைத்து, நகர்த்தி வைத்து, மறுபடி நிரப்பியிருக்கிறார்.

"எதுக்கு?" என்றான்.

"அறிவில்லாததுனால" என்றேன். "என் ஏற்பாட்டை எவனோ முட்டாள் கெடுத்திருக்கான். இது எவ்வளவு பெரிய தப்புன்னு இப்பவே அளந்து காட்டறேன்." முன்வாசலில் திசைத்தட்டை வைத்து விளக்க ஆரம்பித்தேன். அதற்குள் ஒரு கான்ஸ்டபிள் தேநீரோடு பக்கவாட்டுச் சந்துக் கதவு வழியாக வந்தான். பின்னாலேயே துணி வெளுக்கிறவள் வந்தாள். அப்புறம் லோவின் சொந்த மகன், அவனும் அதே கதவில் வந்தான். "ஏம்ப்பா எல்லாரும் அந்தப் பக்கமா வர்றீங்க?" என்று கேட்டேன். துணி வெளுக்கிறவள் என்னை வினோதமாகப் பார்த்தாள். "இந்த வீட்டுக்கு அதுதானே மாஸ்டர் வாசல்? பெரிய கதவு வருஷப் பிறப்புக்கும் உங்கள மாதிரிப் பெரியவங்களுக்கும்தான். ஐயாவே இந்தப் பக்கமாத்தான் வருவாரு."

நான் தட்டை எடுத்துக்கொண்டு அந்தச் சந்துக் கதவுக்குப் போனேன். ஊசி ஆடி நின்றது. அங்கிருந்து அளந்தேன். திரும்பவும் அளந்தேன். அப்புறம் தலைவலி என்று சியூவிடம் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

யூட்-லின், உன்னிடம் இரண்டு கேள்விகள். நீ அந்த வீட்டுக்குள் எந்த வாசல் வழியாகப் போவாய்? மாட்டு வருஷத்துப் பெண்ணைப் பற்றி லோவிடம் நான் பேசியது அந்த வியாழக்கிழமை சாயங்காலம், தேநீர்க் கடையில், நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தபோது. அன்றிரவே அவர் செத்துப்போனார். அது உனக்கு எப்படித் தெரிந்தது?

அண்ணன்


மக்காவ்
18 அக்டோபர்

அண்ணனுக்கு,

பக்கவாசல். எப்போதும் பக்கவாசல்தான். இரண்டாவது கேள்விக்குப் பதில் உனக்கே தெரிந்துவிட்டது. தெரியாவிட்டால் கேட்டிருக்க மாட்டாய்.

அப்பா உனக்குச் சொல்லிக் கொடுத்தபோது அளவு நூலின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். பெண்ணுக்குத் திசைத்தட்டைக் கொடுத்தால் அவளோடு வேறு வீட்டுக்குப் போய்விடும் என்றார். நான் எந்த வீட்டுக்கும் போகவில்லை. ஒரு வீட்டின் பக்கவாசல் வரைதான் போனேன். "வீட்டோட வாய்னா பெரிய கதவு இல்லடா, ஜனங்க புழங்கற கதவு. ரெண்டு நாள் உக்காந்து பாரு, அப்புறம் தட்டை எடு" என்று அவர் உனக்குத்தான் சொன்னார். நான்தான் கேட்டுக்கொண்டேன்.

அன்று மாலைக் கப்பலில் வந்தேன். பெட்டியில் கிடந்த என் நான்கு துணிகளை எடுத்துப் போகச் சொல்லி முந்தின நாளே ஆள் விட்டிருந்தார். சண்டை போடும் எண்ணமே இல்லை. அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு சிரித்தார். "நான் என்ன பண்ணட்டும் லின்? உன் அண்ணனே சொல்லிட்டாரு, நீ இனிமே இங்க வரக் கூடாதாம். சந்துக் கதவைக்கூடப் பூட்டிரலாம்னு பாக்கறேன்" என்றார். வேறு யார் பெயரைச் சொல்லியிருந்தாலும் துணியை எடுத்துக்கொண்டு போயிருப்பேன். உன் பெயரைச் சொன்னார். ஆமை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஒரே அடிதான். எந்தப் பக்கமாகப் பிடித்தேன் என்று ஞாபகமில்லை, உன் இன்ஸ்பெக்டரிடம் சொல்.

அப்புறம் தரையில் உட்கார்ந்தேன். எதிரே உன் மீன்தொட்டி, தப்பான மூலையில். ஆறு மாதமாக அது என் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. இருபது வருஷம் அந்த வீட்டில் ஒரு நாற்காலியைக்கூட இடம் மாற்ற எனக்கு உரிமை இல்லை. "மாஸ்டர் வெச்சது, தொடாதே" என்பார். இப்போது தொடாதே என்று சொல்ல ஆளில்லை. எழுந்தேன், வாளி எடுத்து வந்தேன், நகர்த்தினேன். அந்த வீட்டில் நானாக விரும்பிச் செய்த காரியம் அது ஒன்றுதான்.

இடம் சரிதானே? இரண்டு தரம் அளந்தேன் என்று எழுதியிருக்கிறாய். எவ்வளவு பிசகு என்று மட்டும் எழுதவில்லை.

யூட்-லின்


ஷெங் வான்
21 அக்டோபர்

யூட்-லின்,

உன் கடிதத்தை எரித்துவிட்டேன். நீயும் இதை எரித்துவிடு.

நீ மக்காவை விட்டு நகராதே. அங்கே இருக்கும்வரை இந்த ஊர்ப் போலீஸ் உன்னை எளிதில் தொட முடியாது. அதுவும் அவர்களுக்கு உன் ஞாபகமே இல்லை. லோவின் மகன் உன்னை ஆளாகவே மதிப்பதில்லை. முதல்முறையாக அது நமக்கு நல்லதாக முடிந்திருக்கிறது.

லோவிடம் நான் அப்படிச் சொன்னது கூலிக்காக இல்லை. அவர் உன்னைக் கட்டிக்கொள்ளப் போவதில்லை என்று ஊருக்கே தெரியும். உறவு ஒரேயடியாக அறுந்தால் உனக்கு நல்லது என்று நினைத்தேன். சொந்த அண்ணன் வேறு எப்படிச் சொல்வான்? எனக்குத் தெரிந்த பாஷை அதுதான்.

ஃபுக்கைப் பற்றி யோசித்தேன். அவனுக்குப் பெண்டாட்டி பிள்ளை கிடையாது. இப்போதெல்லாம் யாரையும் தூக்கில் போடுவதில்லை, ஆயுள்தான் என்கிறார்கள். அவனை விடுவிக்க நான் என்ன சொல்ல முடியும்? தொட்டி சரியான மூலைக்குப் போயிருக்கிறது, நகர்த்தியது வித்தை தெரிந்த ஆள் என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால், ஆறு மாதம் அது இருந்த இடம் தப்பு என்றாகும். எதிர்க்கடை கோ மாஸ்டர் அதற்காகவே காத்திருக்கிறான். நாற்பது வருஷமாக நான் அளந்த வீடுகள், கடைகள், சமாதிகள் எல்லாவற்றுக்கும் ஆள் வந்து நிற்பார்கள். அப்பாவின் சமாதியையும் நான்தான் அளந்தேன்.

பேய் நகர்த்தியிருக்கலாம் என்று சியூவிடம் சொல்லிப் பார்த்தேன். அவன் சிரிக்கக்கூட இல்லை.

அண்ணன்


மக்காவ்
24 அக்டோபர்

அண்ணனுக்கு,

உன் தங்கை கொலைகாரி என்று தெரிந்துகொண்ட பிறகு நீ எழுதிய முதல் கடிதம் அது. அதில் உனக்கு வலித்த இடம் கோ மாஸ்டர்.

பெண்டாட்டி பிள்ளை இல்லாதவன் ஜெயிலுக்குப் போகலாம் என்றால், என்னையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள். நாளைக் காலைக் கப்பலில் வருகிறேன். பஞ்சாங்கத்தில் நாளை பிரயாணத்துக்கு ஆகாத நாள். பரவாயில்லை.

யூட்-லின்


ஹாங்காங், பெண்கள் காவல் அறை
29 அக்டோபர்

அண்ணனுக்கு,

நான் வந்து நான்கு நாளாகிறது. நீ வந்து பார்க்கவில்லை. பார்க்க வர வேண்டாம், ஆனால் இதைப் படி.

உன் இன்ஸ்பெக்டர் என்னை நம்பவில்லை. எனக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்தார். "அம்மா, சமையல்காரர் மேல உங்களுக்கு இருக்கற பாசம் புரியுது. ஆனா இவ்ளோ எலும்பா இருக்கற நீங்க ஒரே அடியில கொன்னீங்க, கொன்னுட்டு மீன்தொட்டியை ஒழுங்குபடுத்தினீங்கன்னா எந்த ஜட்ஜு நம்புவாரு? காப்பாத்தணும்னு யாரோ சொல்லிக் குடுத்துப் பேசறீங்க" என்றார். அன்றிரவு நான் அந்த வீட்டுக்கு வந்தேன் என்பதற்குச் சாட்சி கேட்டார். பக்கவாசலில் போனவளுக்கு ஏது சாட்சி? பார்த்தவர் ஃபுக் அண்ணன் ஒருவர்தான். அவர் பேச்சு செல்லாது. என்னைக் காப்பாற்ற அவரும் பொய் சொல்கிறார், நான் வரவே இல்லையாம்.

எனக்கு இருக்கும் ஒரே அத்தாட்சி அந்தத் தொட்டி. அது இருக்கும் இடத்தை அப்பாவின் முறைப்படி அளக்கத் தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டு பேர்தான் என்று யாராவது சொல்ல வேண்டும். அதைச் சொல்லக்கூடிய ஆள் நீ. என்னைக் காப்பாற்றச் சொல்லி நான் உன்னை எப்போதும் கேட்டதில்லை, இப்போதும் கேட்கவில்லை. என்னைக் காட்டிக்கொடு என்றுதான் கேட்கிறேன். அதையாவது செய்.

யூட்-லின்


ஷெங் வான்
6 நவம்பர்

யூட்-லின்னுக்கு,

செய்துவிட்டேன்.

சியூ என்னை நம்பாமல் இன்னொரு நிபுணரையும் அழைத்திருந்தான். யாரை என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கோ மாஸ்டர் புதுக் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். லோவின் மகன், மிஸ் தாம், ஃபுக்கின் வக்கீல், இரண்டு கான்ஸ்டபிள்கள் எல்லோரும் கூடத்தில் நின்றார்கள்.

"மாஸ்டர், தொட்டி இப்ப இருக்கற இடம் சரியா?"

"சரி."

"அப்ப நீங்க முதல்ல வெச்ச இடம்?"

கோ மாஸ்டர் தொண்டையைச் செருமினான். "தப்பு" என்றேன். "வீட்டோட வாயைத் தப்பா எடுத்துட்டேன். எனக்குத் திறந்த கதவுதான் வாசல்னு நினைச்சேன்." அப்பா இதை இரண்டு பேருக்கு முன்னால்தான் சொன்னார், ஒருவன் மறந்துவிட்டான், ஒருத்தி மறக்கவில்லை என்றேன். கோ அளந்து பார்த்தான். அவனுடைய குருவின் வழியில் இப்படி அளக்க மாட்டார்கள், ஆனால் வைத்தவர் கை சுத்தமான கை என்றான். என் நாற்பது வருஷத்தில் அவன் என்னைப் பற்றி அப்படிச் சொன்னதில்லை.

சியூ வெகுநேரம் எழுதினான். பிறகு கடைசியாக ஒன்று செய்யச் சொன்னான். நீ வந்த வழியில் நான் நடந்து காட்ட வேண்டும், தூரமும் நேரமும் பார்க்க. சந்துக்குள் போய் அந்தக் கதவு வழியாக நுழைந்தேன். நிலை தாழ்வு, தலை இடித்து ரத்தம் வந்துவிட்டது. மிஸ் தாம் சிரித்தாள். நீ என் உயரம். இத்தனை வருஷம் நீ குனிந்துதான் போயிருக்கிறாய்.

ஃபுக்கை நேற்று விட்டார்கள். தொட்டியிலிருந்த மீன்களை ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டு போனான். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

இன்று காலையிலிருந்து கடைக்கு ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள், நான் வைத்ததையெல்லாம் திரும்ப அளக்கச் சொல்லி. கடைப் பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டேன். அப்பாவின் திசைத்தட்டு உன்னுடையது. சிறையில் அனுமதிப்பார்களா என்று கேட்கிறேன்.

வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. உன் அறையில் படுக்கை எந்தப் பக்கம் தலை வைத்து இருக்கிறது, கதவு எங்கே என்று எழுது. ஏதாவது செய்ய முடியுமா பார்க்கிறேன்.

அண்ணன்


பெண்கள் சிறை
12 நவம்பர்

அண்ணனுக்கு,

ஃபுக் அண்ணன் வந்திருந்தார். இஞ்சி போட்ட கஞ்சியை உள்ளே விடவில்லையாம், வாசலிலேயே நின்று அவரே குடித்துவிட்டார். மீன்கள் நன்றாக இருக்கின்றனவாம்.

நீ உண்மையைச் சொன்னதற்கு நான் நன்றி சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பாய். அந்த வியாழக்கிழமை தேநீர்க் கடையில் சும்மா இருந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

திசைத்தட்டை அனுப்பாதே. படுக்கையைப் பற்றியும் கவலைப்படாதே. இந்த அறைக்கு ஒரே கதவுதான். சோறு, காவல்காரி, பாதிரியார், பெருக்குகிறவள், எல்லோரும் அதில்தான் வருகிறார்கள். இங்கே உன்னால்கூடத் தப்பாக அளக்க முடியாது.

யூட்-லின்